திருத்துவதா? மாற்றுவதா?

வெலிமடையிலே பழைய வீடுடையார் பலரையும் இன்று எதிர்நோக்கும் வினா ஒன்றுண்டு. மர யன்னலைத் திருத்துவதா, அன்றி அதனைப் பெயர்த்தெறிந்து அலுமினியம் வைப்பதா? தீந்தை பூசவேண்டா, கறையான் அணுகாது என்கின்றனர் விற்போர். அது மெய்யே. ஆயினும் ஒரு கட்சியாரை மாத்திரம் கேட்டுத் தீர்ப்பளித்தல் முறையன்று.

நம்மூர் மரம் கெடும் காரணத்தை முதலில் நோக்குக. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவிலே மழையைப் பொழிந்துவிட்டு, ஆனி முதல் ஆவணி ஈறாக, வறண்ட காற்றாய் ஊவாவில் இறங்குகின்றது. தேயிலைக்கு மணமூட்டும் அக்காற்றே மரத்தை வற்றச் செய்கின்றது. ஐப்பசியில் வாடைமழை தொடங்கியதும் அதே மரம் நீருண்டு பருக்கின்றது. இவ்வாறு ஆண்டுதோறும் சுருங்கியும் விரிந்தும் வருதலால் தீந்தை வெடிக்கின்றது. வெடிப்பிற் புகுந்த நீர் கீழ்ச்சட்டத்திலே தங்குகின்றது. ஆதலின் முதலில் உளுப்பது பெரும்பாலும் கீழ்ச்சட்டமேயன்றி யன்னல் முழுவதுமன்று. கூரிய கத்தியால் அடியைக் குத்திப் பாருங்கள். கத்தி ஆழ இறங்குமிடத்தை மாத்திரம் அறுத்து நீக்கி, முற்றிய பலாமரத்துண்டை இசைத்துவிட்டால் எஞ்சியது நெடுங்காலம் நிற்கும். நிலை முழுவதையும் கறையான் அரித்திருப்பின் மாற்றுவதே தக்கது. அங்கே பழமைப்பற்று வீண்செலவு. 2022இல் ரூபாய் வீழ்ந்தபோது இறக்குமதிப் பொருளின் விலை ஏறியதையும் நாம் மறந்தோமல்லோம்.

சொல்லைக் குறித்தும் ஒன்று கூற விரும்புகின்றேன். பண்டிதன் வேறென் செய்வான்! யன்னல் போர்த்துக்கேயர் வழி வந்த சொல். சிலப்பதிகாரம் வழங்கும் சொல் காலதர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி.

காற்றின் வழி என்னும் இப்பொருளைக் கொண்டு தோட்டத்து லயன்களை நோக்கும்பொழுதுதான் என் கட்சி மாறுகின்றது. முதுகோடு முதுகொட்டிய இரட்டை லயனிலே பின்சுவருக்கு அப்பால் மற்றொரு குடும்பம் வாழ்கின்றது. காலதரை எங்கே திறப்பது? அடுப்புப்புகை காம்பராவினுள்ளேயே சுழல்கின்றது. அதனை உட்கொள்வோர் தாயரும் குழந்தைகளும். கூரைத்தகரத்தை மாற்றிச் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டு, அதனைத் திருத்தம் என்பது தகாது. 2017 மே மாதம் நோர்வூட்டிலே இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி, முன்னர் ஒப்புக்கொண்ட 4,000 வீடுகளுக்கு மேலாக மலையகத்துக்கு 10,000 வீடுகளை அறிவித்தார். அவை தனிவீடுகளாதலின் நாற்புறமும் காற்று வழங்கும். வீடு பெறுவோர் வரிசையிலே இரட்டை லயன்களில் வாழ்வோருக்கே முதலிடம் அளித்தல் வேண்டும்.