வானத்தில் பஞ்சணை

நெய்வேலியிலிருந்து வெளிநாடு செல்லும் தொழிலாளி, பஸ்ஸேறிச் சுமார் 200 கிலோமீட்டர் கடந்து சென்னை சேர்ந்த பின்னரே ஆகாய விமானத்தைக் காண்கிறான். பின்புறத்தில் முழங்காலை மடக்கி அவன் அமர்ந்திருக்க, முன்புறத்தில் சர்க்கார் உத்தியோகஸ்தர் சிலர் படுக்கை விரித்து உறங்குகின்றனர். சொந்தப் பணத்தில் எவர் எவ்விதம் பறந்தாலும் நமக்கு ஆட்சேபமில்லை. பொதுப் பணமாயின் கேட்கவே செய்வோம்.

காந்தியடிகள் மூன்றாம் வகுப்பு ரயிலில் பிரயாணம் செய்து, அங்கு ஜனங்கள் படும் பாட்டை 1917இல் எழுதி வெளியிட்டார். 2009இல் மத்திய சர்க்கார் சிக்கனம் கருதி மந்திரிகளைச் சாதாரண வகுப்பில் பறக்கச் சொல்லிற்று. அப்போது மந்திரி சசி தரூர் அவ்வகுப்பை 'மாட்டு வகுப்பு' என்றெழுதி, பின்பு வருத்தம் தெரிவித்தார். மாடு என்றது யாரை? டிக்கெட்டு வாங்கிய ஜனங்களை அன்றோ!

நீண்ட பிரயாணத்தில் உறங்காவிடில் அலுவல் கெடும் என்பார்கள். கூலி வேலைக்குப் போகிறவனுக்கு மறுநாள் அலுவல் இல்லையா?

நெய்வேலியில் விமானத் தளம் இல்லாமலில்லை. 2017இல் அது உடான் திட்டத்திலும் சேர்க்கப்பட்டது. 2024 முடிந்தும் அத்திட்டப்படி ஒரு விமானமும் கிளம்பவில்லை. பஞ்சணைச் செலவைக் குறைத்து, நிலக்கரிக்காக நிலம் கொடுத்த ஜனங்களுக்கு அத்தளத்தை முதலில் திறவுங்கள் என்கிறோம்.