படகோடு கரையேறுபவை

ஸ்காட்லாந்தின் மேற்கே கடலில் சிதறிக் கிடக்கும் ஹெப்ரிடீஸ் தீவுகளைப் பார்க்க ஆசையிருந்தால் சின்னப் படகில் போங்கள். பிரிட்டனில் 12 பேருக்கு மேல் ஏற்றினால் படகு சட்டப்படி பயணிகள் கப்பலாகிவிடும், விதிகளும் கூடிவிடும். அதனால் அங்கே காட்டுயிர் பார்க்கக் கூட்டிப்போகும் படகுகள் பலவும் 12 பேரோடு நிறுத்திக்கொள்கின்றன. சில படகுகள் ஒருகாலத்தில் மீன்பிடிக்கப் போனவை. நான் போன படகில் அடுக்குக் கட்டிலும் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சாப்பாட்டு மேசையும் இருந்தன. வசதி என்று அதற்குமேல் ஒன்றுமில்லை. ஆனால் பாறையை ஒட்டிப் போய் இன்ஜினை நிறுத்திவிட்டுச் சும்மா நிற்க அந்தப் படகால் முடிந்தது. அப்படி நின்ற ஒரு மாலையில் மிங்கி திமிங்கிலம் ஒன்று பக்கத்தில் வந்து மூச்சுவிட்டது. முதலில் சத்தம் கேட்டது, பிறகு அழுகிய முட்டைக்கோஸ் வாடை வந்தது.

மல் தீவுக்கு மேற்கே லுங்கா என்றொரு குட்டித் தீவு. ஆள் குடியிருப்பு இல்லை. வழுக்கும் உருண்டைக் கற்களைக் கடந்து மேலே ஏறினால் புல்மேடு. உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் பஃபின்கள் வந்து இறங்க ஆரம்பித்தன. அரைக் கிலோகூடத் தேறாத பறவை, செம்மஞ்சள் கால்கள், பட்டை பட்டையாக நிறம் ஏறிய அலகு. ஒன்று என் கால்மாட்டிலேயே வந்து நின்றது. அலகின் குறுக்கே மெல்லிய மணல்மீன்கள் வெள்ளி இழைகளாகத் தொங்கின. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு ஒரே ஓட்டமாக வளைக்குள் போய்விட்டது. பக்கத்தில் மனிதர் இருந்தால் மீனைப் பறிக்கும் கடற்காகங்கள் நெருங்காது, அதனால்தான் நம்மைத் தேடி வருகின்றன என்றார் வழிகாட்டி. இந்த மணல்மீனைத் தொழில்முறையில் பிடிப்பதை ஸ்காட்லாந்து அரசு 2024இல் தன் கடல் முழுவதும் தடை செய்தது. எனக்கு அது பெரிய ஆறுதல்.

பஃபின் மண்ணில் வளை தோண்டி வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டை இடும். தரையில் அலையும் எதிரி இல்லாத தீவில் அது போதும். எலி வந்தால் போதாது. முட்டையையும் குஞ்சையும் வளைக்குள்ளேயே போய்த் தின்றுவிடும்.

ஸ்கை தீவுக்கும் லூயிஸ் தீவுக்கும் இடையே உள்ள ஷியண்ட் தீவுகளில் இதுதான் நடந்துகொண்டிருந்தது. எப்போதோ உடைந்த கப்பலிலிருந்து கரையேறியவை என்று சொல்லப்படும் கரு எலிகள் ஆயிரக்கணக்கில் பெருகிக் கிடந்தன. 2015–16 குளிர்காலத்தில், பறவைகள் கடலுக்குப் போய், எலிகளுக்குத் தீனி குறைந்திருந்த நேரம் பார்த்து, நியூசிலாந்தில் இந்த வேலையில் பழகியவர்கள் தீவு முழுக்க விஷம் வைத்தார்கள். செங்குத்துப் பாறைகளிலும் கயிற்றில் தொங்கியபடி இறங்கி வைத்தார்கள். 2018இல் எலி இல்லாத தீவு என்று அறிவிப்பு வந்தது. உள்ளங்கையில் அடங்கிவிடும் ஸ்டார்ம் பெட்ரல் பறவை அதற்குப் பிறகு அங்கே குஞ்சு பொரிக்கத் தொடங்கியிருக்கிறது. எலியைக் கொல்வதில் எனக்கும் சந்தோஷமில்லை. ஆனால் கொண்டுவந்தது மனிதர்கள், அப்புறப்படுத்த வேண்டியதும் மனிதர்கள்தான்.

இவ்வளவு பாடுபட்டு மீட்ட தீவை நாசமாக்க சினையான எலி ஒன்று போதும். துறைமுகத்தில் கட்டிய கயிற்றின் வழியாக ஏறும், மளிகைப் பெட்டிக்குள் ஒளிந்து வரும். அதனால்தான் பயணிகள் பைகளைத் திறந்து பார்க்கவேண்டும், சாப்பாட்டுச் சாமான்களை மூடிவைக்கவேண்டும் என்று சொல்கிறார்கள். எலி கடித்தால் பல் பதிவதற்காக, சாக்லேட் மணமுள்ள மெழுகுக் கட்டிகளைத் தீவுகளில் வைத்துச் சோதிக்கிறார்கள். இதைத் தொந்தரவாக நினைப்பவர்கள் அந்தத் தீவுகளுக்குப் போகாமல் இருப்பதே நல்லது.

படகோடு எது வரும் என்பது செயின்ட் கில்டாவின் மக்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. வெளி ஹெப்ரிடீஸுக்கும் மேற்கே 64 கிலோமீட்டர் தள்ளி, அட்லாண்டிக்கில் தனியாக நிற்கும் தீவுக்கூட்டம் அது. அந்நியர் வந்து இறங்கினாலே ஊர் முழுக்க இருமல் பிடித்துக்கொள்ளும் என்று 1697இல் அங்கே போன மார்ட்டின் மார்ட்டின் எழுதிவைத்திருக்கிறார். 1727 ஆகஸ்டில் மூன்று ஆண்களையும் எட்டுச் சிறுவர்களையும் பறவை பிடிக்க ஸ்டாக் அன் ஆர்மின் என்ற கடற்பாறையில் இறக்கிவிட்டுப் படகு திரும்பியது. ஹாரிஸ் தீவில் இறந்துபோன ஊர்க்காரர் ஒருவரின் துணிமணிகளோடு பெரியம்மை வந்து சேர்ந்ததாகச் சொல்கிறார்கள். பாறைக்குப் படகெடுத்துப் போக ஊரில் ஆள் மிஞ்சவில்லை. அந்தப் பதினொரு பேரும் மறு வருஷம் மே மாதம் வரை அங்கேயே பிழைத்துக் கிடந்தார்கள். 196 மீட்டர் உயரமான அந்தப் பாறையை ஆடும் படகிலிருந்து அண்ணாந்து பார்த்தபோது, ஒரு குளிர்காலம் முழுக்க அதில் எப்படி ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள் என்பது எனக்கு விளங்கவே இல்லை. கடைசியாக எஞ்சிய 36 பேரும் 1930 ஆகஸ்ட் 29 அன்று தாங்களே கேட்டுக்கொண்டபடி தீவை விட்டு வெளியேறினார்கள். அங்கே மட்டுமே இருந்த வீட்டுச் சுண்டெலி வகை, வீடுகளில் ஆளில்லாமல் போனதும் சில வருஷங்களில் அழிந்துவிட்டது.

இப்போது செயின்ட் கில்டாவின் கடற்பாறைகளில் கேனட் பறவைகள் பல்லாயிரம் ஜோடிகளாக அடைகின்றன. 2022இல் பறவைக் காய்ச்சல் இந்தக் கடலோரத்தைத் தாக்கியபோது பல தீவுகளில் மக்கள் இறங்குவதை நிறுத்திவைத்தார்கள். அது சரியான முடிவு.

பஃபின் பார்க்க விரும்பினால் மே, ஜூன், ஜூலையில் போங்கள். ஆகஸ்ட் தொடக்கத்துக்குள் அவை கடலுக்குத் திரும்பிவிடும். பூட்ஸ் அடியில் ஒட்டிய மண்ணை வீட்டிலேயே கழுவிவிடுங்கள். செயின்ட் கில்டாவின் ஊர்க்குடா தென்கிழக்கே திறந்து கிடக்கிறது, அந்தத் திசையிலிருந்து காற்று அடித்தால் இறங்குவது ஆபத்து. அவ்வளவு தூரம் போன பிறகு கேப்டன் "இன்றைக்கு இறங்க முடியாது" என்று சொன்னால், தயவுசெய்து அவரை வற்புறுத்தாதீர்கள்.