யாருக்கும் தெரியாத ஊர்

என் அக்காள் மகன் பெங்களூரில் உத்தியோகம் பார்க்கிறான். தீபாவளிக்குத் தருமபுரம் வந்தவன், சாப்பிட்டுக் கை அலம்பியதும் திண்ணையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மாமா, நீங்க ஊர் ஊராச் சுத்தினவராச்சே. வடக்கே சின்னதா ஒரு மலை ஊர் சொல்லுங்களேன். தை மாசம் பூரா அங்கதான் இருக்கப் போறோம், நாங்க நாலு பேர். பனியிலே ஸ்கூட்டர் ஓட்டணும்."

உத்தியோகம் என்ன ஆகும் என்று கேட்டேன். அது மடிக்கணினியோடு கூடவே வந்துவிடுமாம்.

"மணாலி இருக்கே? குல்மார்க் இருக்கே?"

"அதெல்லாம் கெட்டுப் போச்சு மாமா. ஒரே கூட்டம். யாருக்கும் தெரியாத ஊரா இருக்கணும்."

பையன் நல்லவன். குடிக்கிறவன் அல்ல, குப்பையைக் கண்ட இடத்தில் எறிகிறவனும் அல்ல. அதனால்தான் அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது என்னை உறுத்தியது. மணாலி கெட்டுப் போயிற்று, சரி. கெடுத்தவர்கள் யார்? யாருக்கும் தெரியாத ஊரைத் தேடி முதலில் போனவர்கள்தாம் பின்னால் வருகிற கூட்டத்துக்குத் தடம் போட்டுக் கொடுத்தவர்கள். ரசிகன் முன்னே போகிறான். ஹோட்டல்காரன் பின்னே வருகிறான். கூட்டம் வந்து சேர்ந்ததும் ரசிகன் முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த ஊரைத் தேடிப் புறப்பட்டுவிடுகிறான்!

1819-ஆம் வருஷம் கோயமுத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரி மேல் ஏறினார். சில வருஷங்களில் உதகமண்டலத்தில் வீடும் கட்டிக்கொண்டார். அவர் கண்டுபிடித்த ஊர் என்றுதான் இன்றைக்கும் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிறோம். தோடர்களுக்கும் கோத்தர்களுக்கும் படகர்களுக்கும் தெரியாத மலையா அது? 'யாருக்கும்' என்ற கணக்கில் அவர்கள் சேரவில்லை, அவ்வளவுதான். இருநூறு வருஷம் கழித்து, 2024 மே மாதத்திலிருந்து உதகைக்கும் கொடைக்கானலுக்கும் போகிற வண்டிகள் இ-பாஸ் வாங்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட நேர்ந்தது. அடுத்த கோடையில் உதகைக்கு வார நாட்களில் 6000 வண்டி, வாரக் கடைசியில் 8000 என்று உச்சவரம்பே வந்துவிட்டது. கோர்ட்டார் வண்டியை எண்ணும் நிலைக்கு ஓர் ஊர் வந்து சேர்ந்த கதை இது.

நான் இதில் கொஞ்சம் ஆத்திரத்தோடு பேசுவதற்குக் காரணம் உண்டு. காரைக்காலிலிருந்து திருநள்ளாறு போகிற பாதையில் இருக்கிறது எங்கள் ஊர். இரண்டரை வருஷத்துக்கு ஒரு தடவை சனீசுவரன் ராசி மாறுவார். 2023 டிசம்பர் 20-ஆம் தேதி அந்தப் பெயர்ச்சி விழா நடந்தது. லட்சக் கணக்கில் ஜனங்கள். நள தீர்த்தத்தில் குளித்து, உடுத்தியிருந்த துணியை அங்கேயே விட்டுப் போனால் தோஷம் போகும் என்று நம்பிக்கை. தோஷம் அவர்களோடு போகிறதோ என்னவோ, துணி மட்டும் ஊருக்குச் சொந்தமாகிவிடுகிறது. அன்றைக்கு எங்கள் தெருவிலிருந்து மறு பக்கம் போய் மருந்து வாங்கி வருவதற்கு எனக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. வந்தவர்கள் ஒருவரும் கெட்டவர்கள் அல்ல, எல்லாரும் பக்தர்கள். சின்ன ஊரின் மேல் பெரிய ஆசை வந்து விழுந்தால் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும் என்பதற்காகச் சொன்னேன்.

பனி ஸ்கூட்டரைப் பார்த்திராதவர்களுக்கு: முன்னால் சறுக்குவதற்கு இரண்டு கட்டை, பின்னால் ராணுவ டாங்கிக்கு இருப்பது போல் சுழலுகிற பட்டை, நடுவில் ஓர் இயந்திரம். அதன்மேல் எனக்குப் பகை கிடையாது. அது பிறந்த கதையைக் கேட்டால் யாருக்கும் பகை வராது. கனடாவில், கெபெக் மாகாணத்தில், வால்கூர் என்கிற சிற்றூர். அங்கே பொம்பார்தியே என்று ஒரு மெக்கானிக். 1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயதுக் குழந்தைக்கு வயிற்றில் நோய். பாதையெல்லாம் பனி மூடிக் கிடந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வழியில்லாமல் குழந்தை இறந்து போயிற்று. பனிமேல் ஓடும் வண்டி ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்று ஏற்கெனவே பாடுபட்டுக்கொண்டிருந்த மனிதர், அதற்குப் பிறகு அதே வெறியாக உழைத்தார். 1937-இல் ஏழு பேர் உட்காரும் வண்டி வந்தது. டாக்டர்களும் தபால்காரர்களும் அதில் போனார்கள். 'ஸ்கி-டூ' என்ற சின்ன ஸ்கூட்டர் வந்தது 1959-இல்தான். சின்ன ஊரின் கஷ்டம் பெற்ற பிள்ளை அந்த வண்டி. அதையே அந்த ஊரின் தலைமேல் ஏற்றி விளையாடுவது என்ன நியாயம்?

மணாலிக்கு மேலே ரோத்தாங் கணவாய். அங்கே வண்டிப் புகையின் கரி பனிமலை மேல் படிந்து, பனி சீக்கிரம் உருகுகிறது என்று வழக்கு நடந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014-இல் தலையிட்டது; நாள் ஒன்றுக்கு 1200 வண்டிக்கு மேல் கூடாது என்று கணக்கு நின்றது. பனி ஸ்கூட்டர் முதலான வியாபாரங்களுக்கு 2015-இல் தடையும் வந்தது. 2020 அக்டோபரில் மலைக்கு அடியில் 9 கிலோமீட்டர் சுரங்கப் பாதையைத் திறந்தார்கள். குளிர்காலம் முழுதும் உலகத்தோடு தொடர்பற்றுக் கிடந்த லாஹௌல் ஜனங்களுக்கு அது பெரிய உபகாரம். நோயாளிகளுக்கு ஹெலிகாப்டரை எதிர்பார்த்துக் கிடந்தவர்கள் அவர்கள். ஆனால் அதே துவாரத்தின் வழியாக நம் ரசிகர்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

அந்தப் பக்கத்தில் இன்னொரு சமாசாரம். மணாலியைச் சுற்றி கோஷால் முதலான ஒன்பது கிராமங்கள். தை மாதப் பிறப்பன்று, நாம் பொங்கல் வைத்துக் குலவை போடுகிற அதே நாளில், அந்தக் கிராமங்களின் தேவதைகள் தவத்தில் அமர்கிறார்களாம். நாற்பத்திரண்டு நாள் ஊரில் சத்தம் கூடாது. வயல் வேலை கிடையாது. ரேடியோ, டெலிவிஷன் கிடையாது. டெலிபோன் மணியைக்கூட அடக்கி வைக்கிறார்கள். அந்த ஒன்பதில் ஒன்றின் பெயர் சோலங். பனி விளையாட்டு விளம்பரங்களில் எல்லாம் முதலில் கண்ணில் படுகிறதே, அதே சோலங்தான்! தேவதை தவம் செய்கிறதா இல்லையா என்று நான் விவாதிக்க வரவில்லை. ஒருவன் தன் வீட்டில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறபோது, என் மருமகன் தை மாதமாகப் பார்த்து அங்கே இயந்திரம் முடுக்கப் போகிறான் என்பதுதான் எனக்கு வருத்தம்.

எங்கள் ஊர்ச் சுவாமிக்கு யாழ்மூரிநாதர் என்று பெயர். சம்பந்தர் இங்கே பாடிய பதிகம் யாழுக்குள் அடங்கவில்லை. நீலகண்டப் பெரும்பாணர் மனம் நொந்து யாழையே முறிக்கப் போனார். சம்பந்தர் தடுத்தார் என்று புராணம். கருவிக்கு ஓர் அளவு உண்டு என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். ஊருக்கும் உண்டு. ஜோஷிமட்டுக்கும் இருந்தது. ஆழ்வார் பாடிய திருப்பிரிதி அதுதான் என்று வைஷ்ணவர்கள் கொண்டாடும் தலம். அதற்கு மேலேதான் ஆலி என்கிற பனிச்சறுக்கு மைதானம். பழைய மலைச்சரிவின் இடிபாட்டு மண்மேல் நிற்கிற ஊர் இது, பாரமான கட்டடம் ஆகாது என்று 1976-லேயே மிஸ்ரா கமிட்டி எச்சரித்தது. 2023 ஜனவரியில் எண்ணூறுக்கு மேற்பட்ட கட்டடங்களில் வெடிப்பு விட்டது. ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்த இரண்டு ஹோட்டல்களை இடித்துத் தள்ளினார்கள். பனி விளையாட்டுதான் காரணம் என்று சொல்லமாட்டேன்; நீர்மின் சுரங்கம், சாக்கடை வசதியில்லாமை என்று பல காரணங்கள் பேசப்படுகின்றன. ஆனால் அந்த ஹோட்டல்கள் உள்ளூர்க்காரன் தூங்குவதற்காகவா கட்டப்பட்டன?

"நாங்க போனாத்தானே மாமா அவங்களுக்குப் பிழைப்பு?" என்று கேட்டான் பையன். வாஸ்தவம். திருநள்ளாற்றில் எள்ளுப் பொட்டலம் விற்கிற கிழவிக்கும் கூட்டம் வந்தால்தான் பிழைப்பு. அவளை மறந்துவிட்டுப் பேசுகிறவன் அயோக்கியன். ஆனால் பனி ஸ்கூட்டர் பிழைப்பு, பனி விழுந்தால்தான் பிழைப்பு. 2024 ஜனவரியில் குல்மார்க்கே பனியில்லாமல் பழுப்பாகக் கிடந்தது. 2025-இல் அங்கே நடக்க வேண்டிய தேசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டியைப் பனி போதாமல் தள்ளிவைத்தார்கள். கடன் வாங்கி வண்டி வாங்கியவன் அந்த மாதம் வட்டி கட்டவேண்டாமா? நம் டெல்டாவில் தண்ணீர் வராத வருஷம் எப்படியோ, அப்படி. நமக்காவது இரங்கிப் பேச நாலு கட்சி உண்டு.

காரைக்காலை 1954 வரை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் இதில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். ஆல்ப்ஸ் மலை முழுவதும் அவர்களுக்குப் பனி விளையாட்டுதான். ஆனாலும் 1991-இல் ஒரு சட்டம் போட்டுவிட்டார்கள்: பொழுதுபோக்குக்காகப் பனி ஸ்கூட்டர் ஓட்டுவதானால் அதற்கென்று அனுமதி பெற்ற இடத்தில் மட்டுமே ஓட்டலாம். மீட்புக்கும் வேலைக்கும் ஓட்டுவது வேறு. இங்கே பல சொல்தா குடும்பங்களுக்கு அங்கே உறவு உண்டு, விசாரித்துப் பார்க்கலாம்.

"அப்போ எங்கதான் போகச் சொல்றீங்க?"

"மணாலிக்கே போ," என்றேன். "கெட்டுப் போன ஊருக்கே போ. அங்கே ரூம் இருக்கு, டாக்டர் இருக்கார், உன்னைப் போல லட்சம் பேரைப் பார்த்த ஊர். ஒரு மாசம் ஒரே வீட்டிலே இரு. ஸ்கூட்டர் வேண்டாம், காலாலே நட. வீட்டுக்காரர் என்ன சாப்பிடறாரோ அதைச் சாப்பிடு. அவர் வாயைத் திறக்காத நாளிலே நீயும் திறக்காதே."

அவனுக்கு இது ரசிக்கவில்லை. டெலிபோனை எடுத்து வைத்துக்கொண்டு எதையோ தேடினான். உள்ளேயிருந்து அக்காள், "ஏண்டா தம்பி, பிள்ளை ஆசையாக் கேக்கறான், ஒரு ஊர் பேரைச் சொன்னால் என்ன?" என்றாள்.

பையன் நிமிர்ந்து பார்த்தான். "உங்களுக்குத் தெரியும் மாமா. தெரிஞ்சுக்கிட்டே சொல்ல மாட்டேங்கிறீங்க."

தெரியும்தான். முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு குளிர்காலத்தில் பன்னிரண்டு நாள் தங்கியிருக்கிறேன். நாற்பது வீடு, ஒரு மர ஆலை, ஒரு டீக்கடை. அந்த ஊரைப் பற்றி இதுவரை எந்தப் பத்திரிகையிலும் ஒரு வரி எழுதவில்லை. இதிலும் எழுதப் போவதில்லை.