முழு மதிப்பெண் பெறும் தவறான விடை

அமெரிக்கப் பள்ளிகளில் இனப் பிரிவினை எப்போது ஒழிந்தது? 1954 என்று எழுதும் மாணவருக்கு முழு மதிப்பெண் கிடைத்துவிடும். அந்த ஆண்டு மே 17 அன்று, பிரவுன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் தீர்ப்பளித்தார்கள்: கறுப்பினப் பிள்ளைகளையும் வெள்ளையினப் பிள்ளைகளையும் பிரித்துப் படிக்கவைப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம். தெற்கு மாநிலங்களில் ஒரு கொடுமை இருந்தது, நீதிமன்றம் கண்டித்தது, கொடுமை தீர்ந்தது. மாணவர்கள் மட்டுமல்ல, படித்த பெரியவர்களும் இந்த மூன்று வரிகளைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த மூன்று வரிகளில், நீதிமன்றம் கண்டித்தது என்பது மட்டுமே சரி.

தீர்ப்பு வந்த அதே 1954-இல், செப்டம்பர் மாதம், மிசிசிப்பி மாநிலத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெயர் ரூபி பிரிட்ஜஸ். தீர்ப்பால் பிரிவினை ஒழிந்திருந்தால், அவள் முதல் வகுப்புக்கு மற்ற பிள்ளைகளைப் போலவே பையைத் தூக்கிக்கொண்டு போயிருப்பாள். 1960 நவம்பர் 14 அன்று, ஆறு வயதில், நியூ ஆர்லியன்ஸின் வில்லியம் ஃபிரான்ட்ஸ் தொடக்கப் பள்ளிக்கு அவள் போனபோது முன்னும் பின்னும் மத்திய அரசின் மார்ஷல்கள் நடந்தார்கள். வாசலில் கூட்டம் வசைபாடியது. வெள்ளையினப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை வகுப்பிலிருந்து அழைத்துக்கொண்டு போனார்கள். பாஸ்டனிலிருந்து வந்த பார்பரா ஹென்றி என்ற ஆசிரியை மட்டும் அவளுக்குப் பாடம் நடத்த முன்வந்தார். அந்த ஆண்டு முழுவதும் அந்த வகுப்பறையில் ஓர் ஆசிரியையும் ஒரு மாணவியும்தான். ரூபியின் தந்தைக்குப் பெட்ரோல் நிலையத்தில் இருந்த வேலை போயிற்று. மிசிசிப்பியில் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்த தாத்தாவும் பாட்டியும் நிலத்தை விட்டு வெளியேற்றப்பட்டார்கள்.

ஆறு ஆண்டுகளுக்கு முன்பே ‘ஒழிந்துவிட்ட’ ஒன்றுக்காகவா இவ்வளவும்?

நடந்தது வேறு. 1955-இல் அதே நீதிமன்றம் இரண்டாவது தீர்ப்பு ஒன்றைத் தந்தது. பள்ளிகளை எப்போது இணைப்பது என்பதற்கு அதில் கெடு எதுவும் இல்லை. தக்க வேகத்தில் செய்யுங்கள் என்ற அளவில் அது நின்றுகொண்டது. கெடு இல்லாத உத்தரவை மீறுவதற்கு வழிகளா இல்லை? 1956-இல் தெற்கைச் சேர்ந்த 101 நாடாளுமன்ற உறுப்பினர்கள் தீர்ப்பை எதிர்த்து அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். 1957-இல் அர்கன்சாஸ் மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்களை உயர்நிலைப் பள்ளிக்குள் அனுப்ப அதிபர் ஐசன்ஹோவர் ராணுவத்தை இறக்க வேண்டியிருந்தது. மறு ஆண்டே அந்த நகரின் உயர்நிலைப் பள்ளிகள் இழுத்து மூடப்பட்டன. வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி இன்னும் ஒரு படி மேலே போயிற்று. 1959 முதல் 1964 வரை, ஐந்து ஆண்டுகள், அங்கே அரசுப் பள்ளி என்பதே கிடையாது. வெள்ளையினப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி திறந்தார்கள். கறுப்பினப் பிள்ளைகளில் சிலர் வெளியூர் உறவினர் வீடுகளில் தங்கிப் படித்தார்கள். பலர் படிக்கவே இல்லை.

தீர்ப்பு வந்து பத்து ஆண்டுகள் கழித்து, 1964-இல், தெற்கின் பதினோரு மாநிலங்களில் வெள்ளையினப் பிள்ளைகளோடு சேர்ந்து படித்த கறுப்பினப் பிள்ளைகள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. நிலைமை மாறியது 1964-இன் குடிமை உரிமைகள் சட்டத்துக்குப் பிறகு. பிரிவினையைக் கைவிடாத பள்ளிக்கு மத்திய அரசின் பணம் கிடையாது என்று அந்தச் சட்டம் சொன்னது. அடுத்த ஆண்டு பள்ளிகளுக்கான மத்திய நிதி பெருகியதும் அந்தச் சொல்லுக்குப் பலம் வந்தது.

‘தெற்கின் கொடுமை’ என்ற வரியும் நிற்காது. இந்த வரலாற்றைத் தொடங்க வேண்டிய ஊர் வடக்கே இருக்கும் பாஸ்டன். சாரா ராபர்ட்ஸ் என்ற ஐந்து வயதுச் சிறுமி, வழியில் ஐந்து வெள்ளையினப் பள்ளிகளைக் கடந்து, தனக்கு ஒதுக்கப்பட்ட பள்ளிக்கு நடக்க வேண்டியிருந்தது. அவள் தந்தை வழக்குத் தொடுத்தார். ராபர்ட் மோரிஸ் என்ற கறுப்பின வழக்கறிஞரும் சார்ல்ஸ் சம்னர் என்ற வெள்ளையின வழக்கறிஞரும் வாதாடியும் 1850-இல் வழக்குத் தோற்றது. மாசசூசெட்ஸ் மாநிலம் 1855-இல் சட்டம் இயற்றிப் பள்ளிப் பிரிவினையைத் தடைசெய்தது. ஆனால் பாஸ்டன் தீர்ப்பு சாகவில்லை. ரயில் பெட்டியில் இனவாரி இருக்கை சரியே என்று 1896-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, இந்தப் பள்ளித் தீர்ப்பைத்தான் முன்மாதிரியாக எடுத்துக் காட்டியது.

மேற்குக் கரையிலும் இதே நிலைதான். சான் பிரான்சிஸ்கோவில் மேமி டேப் என்ற சீன வம்சாவளிச் சிறுமியைப் பள்ளியில் சேர்க்க மறுத்தார்கள். 1885-இல் அவள் குடும்பம் வழக்கில் வென்றது; உடனே சட்டத்தை மாற்றிச் சீனப் பிள்ளைகளுக்கென்று தனிப் பள்ளி திறந்துவிட்டார்கள். கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் மெக்சிக வம்சாவளிப் பிள்ளைகளைத் தனிப் பள்ளியில் வைத்திருந்ததை எதிர்த்த மெண்டஸ் வழக்கு 1947-இல் முடிவுக்கு வந்தது. பிரவுன் தீர்ப்புக்கு அது ஏழு ஆண்டு மூத்தது.

நியூயார்க்கில் சட்டம் எதுவும் பிள்ளைகளைப் பிரிக்கவில்லை. ஆனாலும் 1964 பிப்ரவரி 3 அன்று அந்த நகரத்தில் சுமார் 4,60,000 மாணவர்கள் பள்ளிப் பிரிவினையைக் கண்டித்து வகுப்புகளைப் புறக்கணித்தார்கள். மார்ட்டின் லூதர் கிங் உரையாற்றிய வாஷிங்டன் பேரணிக்கு வந்தது சுமார் இரண்டரை லட்சம் பேர். பேரணி தெரியாத மாணவர் இல்லை. புறக்கணிப்பைக் கேள்விப்பட்ட மாணவரைத் தேடத்தான் வேண்டும்.

சட்டம் இல்லாமல் பிரிவினை எப்படி நடந்தது? வீடுகள் வழியாக. 1930-களில் மத்திய அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் ஒன்று நகர வரைபடங்களில் கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளுக்குச் சிவப்பு வண்ணம் பூசி, ஆபத்தான இடம் என்று குறித்தது. அங்கே கடன் கிடைப்பது அரிதாயிற்று. கடன் இல்லாத இடத்தில் வீட்டு மதிப்பு ஏறாது. அமெரிக்கப் பள்ளிகளின் பணத்தில் கணிசமான பங்கு உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வருகிறது; மதிப்பு ஏறாத பகுதியில் பள்ளிக்கும் பணம் ஏறாது. 1974-இல் டெட்ராய்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம், நகரத்தின் பிரிவினையைத் தீர்க்கப் புறநகர்ப் பள்ளி மாவட்டங்களைக் கட்டாயப்படுத்த முடியாது என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சொல்லிவிட்டது. அன்று முதல் மாவட்ட எல்லைக்கோடு பல நகரங்களில் மதிற்சுவராக நிற்கிறது. இன்று நியூ ஜெர்சியிலும் டெக்சாசிலும் வீடு வாங்கும் தமிழ்க் குடும்பங்கள் முதலில் விசாரிப்பது பள்ளி மாவட்டத்தைத்தான். அந்தக் கோடுகள் பலவற்றுக்குப் பின்னால் இருக்கும் கதை அவர்கள் பிள்ளைகளின் வகுப்பிலும் சொல்லப்பட வேண்டியதே.

மூன்று வரிக் கதை செய்யும் பெரிய அநியாயம், போராடியவர்களை மறைத்துவிடுவது. பிரவுன் வழக்கோடு சேர்த்து விசாரிக்கப்பட்ட வழக்குகளில் ஒன்றைத் தொடங்கிவைத்தவர் பதினாறு வயதுப் பள்ளி மாணவி பார்பரா ஜான்ஸ். வர்ஜீனியாவின் ஃபார்ம்வில் ஊரில் அவர் படித்த மோட்டன் உயர்நிலைப் பள்ளி 180 பேருக்காகக் கட்டப்பட்டது. அதில் 450-க்கும் மேற்பட்டோர் அடைந்து கிடந்தார்கள். இடம் போதாமல் போட்ட கொட்டகைகளுக்குத் தார்க் காகிதம்தான் போர்வை. 1951 ஏப்ரல் 23 அன்று தலைமையாசிரியரைத் தந்திரமாக வெளியே வரவழைத்துவிட்டு, மாணவர்களைக் கூட்டி, மேடையேறி, வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார் பார்பரா. வழக்கறிஞர்கள் வந்தது அதற்குப் பிறகு.

இன்னொரு வழக்கு தென் கரோலினாவின் கிளாரெண்டன் கவுண்டியில் ஒரு பேருந்துக்கான கோரிக்கையில் தொடங்கியது. வெள்ளையினப் பிள்ளைகளுக்கு முப்பது பள்ளிப் பேருந்துகள் ஓடின. கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒன்றுகூட இல்லை. ஒரு வெள்ளையினப் பிள்ளைக்கு ஆண்டுக்கு 179 டாலர் செலவானது, ஒரு கறுப்பினப் பிள்ளைக்கு 43 டாலர். இதை எதிர்த்த மனுவில் கையெழுத்திட்ட ஹாரி பிரிக்ஸுக்கு வேலை போயிற்று. அவர் மனைவி எலைசாவுக்கும் போயிற்று. முன்னின்று நடத்திய பாதிரியார் ஜோசப் டிலைனின் வீடு எரிந்தது. இவர்கள் பெயர் தெரியாத பிள்ளைக்கு, நீதி தானாக வானத்திலிருந்து இறங்கியதாகத்தான் தோன்றும்.

இதையெல்லாம் சின்னப் பிள்ளைகளிடம் சொன்னால் மனம் நோகும், வெள்ளையினப் பிள்ளைகள் குற்றவுணர்வில் வாடுவார்கள் என்று ஒரு தரப்பு சொல்கிறது. 2021-இல் டென்னசி மாநிலத்தின் வில்லியம்சன் கவுண்டியில் ஒரு பெற்றோர் அமைப்பு பள்ளிப் பாடத்திட்டத்தின் மேல் புகார் கொடுத்தது. அதில் எதிர்க்கப்பட்ட நூல்களில் ரூபி பிரிட்ஜஸ் தன் அனுபவத்தைச் சிறுவர்களுக்காக எழுதிய நூலும் ஒன்று. ஆறு வயதில் ஒருத்தி அனுபவித்ததை, ஏழெட்டு வயதில் மற்றவர்கள் காதால் கேட்கக்கூடாதாம். பெற்றோரின் கவலை உண்மையானதாகவே இருக்கட்டும். ஆனால் அந்த வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் கறுப்பினப் பிள்ளையின் மனத்தை இந்தக் கவலை கணக்கில் எடுத்ததா? வெள்ளையினப் பிள்ளைக்கும் இந்த வரலாற்றில் வாசலில் நின்று கத்திய கூட்டம் மட்டுமா இருக்கிறது? பார்பரா ஹென்றி இருக்கிறார். சம்னர் இருக்கிறார். கிளாரெண்டன் வழக்கில் பிரிவினைக்கு எதிராகத் தனித்து நின்று தீர்ப்பெழுதிய நீதிபதி வேரிங் இருக்கிறார். முழுக் கதையைச் சொன்னால்தான் இவர்களைத் தெரிந்துகொள்ள முடியும்.

கற்பிப்பதற்கான பொருள் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது. 179, 43 என்ற இரண்டு எண்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, காரணத்தைப் பிள்ளைகளையே கேட்கச் சொல்லலாம். சிவப்பு வண்ணம் பூசிய பழைய வரைபடத்தை இன்றைய ஊர் வரைபடத்தின் பக்கத்தில் வைக்கலாம். ஃபார்ம்வில்லின் மோட்டன் பள்ளிக் கட்டடமே இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. பிரின்ஸ் எட்வர்டில் 1959-இல் ஆறு வயதில் பூட்டிய பள்ளியைப் பார்த்த பிள்ளைகள் எழுபதைக் கடந்துவிட்டார்கள். 2003-இல் அவர்களில் பலருக்குக் கௌரவப் பள்ளிச் சான்றிதழ் வழங்கப்பட்டது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று வகுப்பறைகளில் இருக்கிறார்கள். தாத்தாவும் பாட்டியும் எந்தப் பள்ளிக்குப் போனார்கள், எதற்குப் போக முடியவில்லை என்று கேட்டு, எழுதி, திங்கட்கிழமை கொண்டுவரச் சொல்லி வீட்டுப்பாடம் கொடுக்க எந்த ஆசிரியருக்கும் புதிய புத்தகம் தேவையில்லை.