தையல் ஆறுமுன்

எண்டோமெட்ரியோசிஸ் அறுவைச் சிகிச்சைக்குப் பின் சில வாரங்கள் ஓய்வு, பாரம் தூக்கலாகாது, பருப்பும் கீரையும் பழமும் உண்ண வேண்டும் என்பது மருத்துவரின் கட்டளை. கூலிக்கு உழைக்கும் பெண் இதை எவ்வாறு நிறைவேற்றுவார்?

1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் கருச்சிதைவுக்கு ஆறு வாரமும் கருத்தடை அறுவைக்கு இரண்டு வாரமும் ஊதியத்துடன் விடுப்பு வகுத்தது; இந்நோய்க்கு ஒரு நாளும் இல்லை. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் அவ்வழியே செல்கிறது. பிள்ளைப்பேற்றுக்கு அப்பால் பெண்ணுடலின் வலி ஆள்வோர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. இ.எஸ்.ஐ. காப்பீட்டாளருக்கு நோய்க்காலத்தில் 70 சதவீத ஊதியமேனும் உண்டு. வீட்டுவேலைத் தொழிலாளருக்கு அதுவுமில்லை. உணவுப் பாதுகாப்புச் சட்டம் தரும் ஐந்து கிலோ தானியத்தில் பருப்புக்கு இடமில்லை.

ஆகவே, தையல் ஆறுமுன் அவர் வேலைக்குத் திரும்புகிறார். அதை மனவுறுதி என்று புகழ்வது சுரண்டலுக்கு மாலை சூட்டுவதாகும். நோய்க்கால ஊதியம் உழைப்போர் அனைவருக்கும் வேண்டும். ரேஷனில் பருப்பும் வேண்டும். இது சலுகையன்று, உரிமை.