துருப்பிடிக்க விடலாமா?

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ல் அறிவொளி இயக்கம் எழுத்தோடு நிற்காமல், பெண்களுக்கு சைக்கிளும் கற்றுத் தந்தது. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் இதை முன்னின்று நடத்தினார். 1992 மகளிர் தினத்தன்று சுமார் 1,500 பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். பலர் ஓட்டியது 'பார்' வைத்த ஆம்பளை சைக்கிள். பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாமே! ஒருத்தி மட்டும் ஓட்டியிருந்தால் ஊர் சிரித்திருக்கும். கூட்டமாக இறங்கியதால் கேலிப் பேச்சு எடுபடவில்லை.

இன்று அரசுப் பள்ளிகளில் பிளஸ் 1 படிக்கும் பெண்ணுக்கு அரசே இலவசமாக சைக்கிள் தருகிறது. படிப்பு முடிந்ததும் அந்த சைக்கிள் எங்கே போகிறது? தம்பி எடுத்துக் கொள்கிறான். இல்லாவிட்டால் வீட்டோரம் சாய்ந்து கிடக்கிறது. எங்கள் மாரியூர் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றே அதைத் தின்றுவிடும். கல்யாணமானவள் ஏறினாலோ, "இந்த வயசுல இவளுக்கு இது தேவையா?" என்கிறார்கள். 2021 முதல் டவுன் பஸ்ஸில் நமக்கு டிக்கெட் கிடையாதுதான். ஆனால் பஸ் அதன் நேரத்துக்குத்தானே வரும்? ரேஷன் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் நம் நேரத்துக்குப் போக வேண்டாமா?

ஊருக்கு ஊர் பெண்கள் சைக்கிள் குழு தொடங்கினால் என்ன? பந்தயத்துக்கு அல்ல, பழக்கத்துக்கு. ஐந்து பேர் போதும். கிடக்கிற சைக்கிள்களைத் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டால் பாதி வேலை முடிந்தது. ஞாயிறு காலை, வெயிலுக்கு முன் ஒரு மணி நேரம். ஓட்டத் தெரிந்தவள் தெரியாதவளுக்குப் பிடித்துக் கொள்ளட்டும். ரோட்டில் வரிசையாக, மெதுவாகப் போகிறவளை முன்னால் விட்டுப் போக வேண்டும். ராமநாதபுரம் சீமையில் கருவேல முள்ளுக்குப் பஞ்சமா? ஒருத்தி காற்றடிக்கும் பம்பும், இன்னொருத்தி பஞ்சர் ஒட்டும் சாமானும் கொண்டு வரட்டும். பஞ்சர் ஒட்ட எல்லோரும் கற்றுக் கொள்ள வேண்டும். அதற்கும் ஆம்பளையைத் தேடினால் குழு எதற்கு? வாரம் பத்து ரூபாய் போட்டால் டயர், டியூப் செலவுக்கு ஆகும். சுய உதவிக் குழுவில் கணக்கு நோட்டு எழுதுகிற நமக்கு இது பெரிய காரியமா?

முதல் வாரம் உற்சாகமாக வருவார்கள். மூன்றாவது வாரம் மாமியாருக்கு உடம்பு சரியில்லை, பிள்ளைக்குப் பரீட்சை என்று குறையும். அப்போதும் இரண்டு பேராவது கிளம்பிவிட வேண்டும். அதில்தான் குழு நிலைக்கும்.

மகள் பெயரில் வந்த சைக்கிள் மகளுக்கும், அவள் அம்மாவுக்கும் உதவட்டும். என்ன சகோதரிகளே, வருகிற ஞாயிற்றுக்கிழமை கிளம்பலாமா?

- ஒரு இல்லத்தரசி, மாரியூர்.