கவுன்சிலிங் யாருக்கு?

சென்னையில் தனியாக உளவியல் ஆலோசனை மையம் நடத்துகிறேன். குழந்தைகளின் கற்றல் குறைபாட்டுக்கான மதிப்பீடு, மனச்சோர்வு, பதற்றம் என்று வரும் அழைப்புகளுக்கு நடுவே, இன்னொரு வகை அழைப்பும் தவறாமல் வருகிறது. "பொண்ணுக்குக் கொஞ்சம் கவுன்சிலிங் கொடுக்கணும் மேடம். யாரையோ விரும்புறேன்னு பிடிவாதமா நிக்கிறா. அவங்க வேற ஆளுங்க."

'வேற ஆளுங்க' என்பதில் சாதியின் பெயர் இல்லை. ஆனால் அந்த அழைப்பில் இருப்பது சாதி மட்டும்தான்.

அந்தப் பெண் வயது வந்தவர், பெரும்பாலும் வேலைக்குப் போகிறவர். தூங்குவதில்லை, சாப்பிடுவதில்லை, எரிந்து விழுகிறார் என்று பெற்றோர் அறிகுறிகளை அடுக்குவார்கள். கைப்பேசியைப் பிடுங்கிக்கொண்டு, வேலையை நிறுத்தி, அறையில் அடைத்து வைத்தால் யாருக்குத்தான் தூக்கம் வரும்? அடைத்ததன் விளைவை நோயாகக் காட்டி, சிகிச்சை கேட்கிறார்கள். சிலர் அறிக்கையும் கேட்கிறார்கள். "மனநிலை சரியில்லை" என்ற ஒரு தாள் கையில் இருந்தால், காவல் நிலையத்தில் அந்தப் பெண்ணின் சொல்லுக்கு மதிப்பில்லாமல் செய்துவிடலாம் அல்லவா?

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 3, ஒருவர் தன் சமூகத்தில் நிலவும் ஒழுக்க, பண்பாட்டு, மத மதிப்பீடுகளுக்கு ஒத்துப்போகவில்லை என்பதற்காக அவருக்கு மனநோய் என்று தீர்மானிக்கக் கூடாது என்கிறது. வயது வந்த இருவர் மணந்துகொள்ளக் குடும்பத்தின் சம்மதமோ சாதியின் சம்மதமோ தேவையில்லை என்று சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லிவிட்டது.

ஆனாலும் என் துறையில் பலர் இதைக் 'குடும்பச் சிக்கல்' என்று பெயரிட்டு, நடுவில் நின்று சமரசம் பேசுகிறார்கள். "அப்பா அம்மா பக்கமும் யோசிச்சுப் பாரும்மா" என்பது கேட்க இதமாக இருக்கும். 2016இல் உடுமலைப்பேட்டையில் சங்கர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்ட மாநிலம் இது. இங்கே அந்த நடுநிலை, அரிவாள் இருக்கும் பக்கத்துக்குத்தான் உதவும்.

கட்டணம் கட்டுபவர் என் கட்சிக்காரர் அல்லர். எதிரே உட்கார்ந்து பேசுபவர்தான். அவர் சொன்னதைப் பெற்றோரிடம் ஒப்பிப்பது என் வேலையல்ல.

சாதி ஒரு மனநிலை என்று அம்பேத்கர் 1936இலேயே எழுதினார். அப்படியானால் சிகிச்சை நாற்காலியில் உட்கார வேண்டியவர் யார்? "நீங்கள் வாருங்கள்" என்று அப்பாக்களை அழைக்கிறேன். பெரும்பாலோர் அதோடு போனை வைத்துவிடுவார்கள். வந்த சிலரிடம் வெறுப்புக்கு அடியில் பயத்தைப் பார்த்திருக்கிறேன்: ஊர் ஒதுக்கிவிடும், கோயில் வரி வாங்க மாட்டார்கள், இளையவளின் கல்யாணம் நின்றுவிடும். இந்தப் பயத்தோடு உட்கார்ந்து பேச உளவியலால் முடியும். காதலைக் குணப்படுத்த முடியாது, அது நோயல்ல.

உங்களையோ உங்கள் தோழியையோ இப்படி ஓர் அறைக்கு அழைத்துப் போனால், முதலில் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்த மருத்துவ உளவியலாளரா? நான் பேசுவதை வீட்டில் சொல்வீர்களா? என்னைப் பற்றிய அறிக்கை யார் கைக்குப் போகும்? பதில் மழுப்பலாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். எழுந்து வர முடியாத நிலை என்றால் எதுவும் பேசாதீர்கள், எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பணமில்லாமல் பேச அரசின் டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது.